360 சதுர அடியில் ஒரு குடித்தனம்

சர்க்கார் உதவித்தொகையைக் கொண்டு வீடு கட்டும் ஏழைக் குடும்பத்துக்குத் துணை நிற்க முன்வந்த ஊராட்சித் தலைவரோ, மகளிர் குழுச் செயலாளரோ, புதிதாகப் படித்துவிட்டு வந்த பொறியாளரோ, அன்றி வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல கொத்தனாரைத் தேடும் குடும்பத் தலைவியோ, நீங்கள் யாராக இருந்தாலும் உதவும்படியாக இந்த அத்தியாயத்தை அமைத்திருக்கிறேன். இங்கே சொல்லும் அளவுகளும் மாதங்களும் காவிரிக்கும் குடமுருட்டிக்கும் அண்டையிலுள்ள திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. டெல்டாவின் கீழ்ப்பகுதிகளுக்குச் சிறு மாறுதல்களோடு பொருந்தும்.

வீட்டின் விஸ்தீரணத்தைத் திட்டத்தின் விதியே நிர்ணயித்துவிடுகிறது. ஆனால் அந்த விஸ்தீரணத்துக்குள் ஐந்து பேர் படுத்தெழவும், கண் எரியாமல் சமைக்கவும், கூலியாக வந்த நெல்லை நனையாமல் வைக்கவும், வந்த உறவினரை உட்காரவைக்கவும் முடியுமா என்பது அடித்தளத்தின் உயரம், வாசற்கதவின் இடம், அடுப்பின் மூலை, முன்புறத் தாழ்வாரம் ஆகியவற்றைப் பொறுத்தது. இவற்றுள் அடித்தளம் ஒன்றுக்குத்தான் பணம் கூடுதலாக வேண்டும். மற்றவற்றுக்கு வேண்டுவது முன்யோசனை.

எந்தத் திட்டம், என்ன அளவு

ஊராட்சிப் பகுதிகளில், 2024-25இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்னும் இலக்கோடு, வீடொன்றுக்கு ரூ.3.50 லட்சம் வழங்குகிறது. மொத்தம் 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, எஞ்சிய 60 சதுர அடிக்குத் தீப்பற்றாத வேறு கூரை. மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 270 சதுர அடி. பேரூராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் நகர்ப்புறத் திட்டத்தின்கீழ், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பணம் கட்டுமானத்தின் நிலைக்கேற்பத் தவணையாகவே வரும் என்பதையும், சிமெண்டையும் கம்பியையும் துறையே கொடுத்து அதன் விலையைத் தொகையில் கழித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு என்பதையும் குடும்பத்தாருக்கு முதல் நாளே விளங்கச் சொல்லிவிடுங்கள்.

முதல் வேலை: மனையைப் பார்த்தல்

1. பட்டாவை வாங்கிப் பாருங்கள். மிராசுதாரரின் மனைக்கட்டில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு உரிமைச் சட்டத்தால் சொந்தமான மனைகள் இவ்வட்டாரத்தில் உண்டு. அவற்றின் எல்லை காகிதத்தில் ஒன்றாகவும் வேலியில் ஒன்றாகவும் இருப்பது சகஜம். சர்வேயரைக் கொண்டு அளந்து நான்கு மூலையிலும் கல் நட்ட பிறகே கயிறு பிடியுங்கள். வாய்க்கால் கரை, குளத்தங்கரை ஆகிய நீர்நிலைப் புறம்போக்கில் வீடு கட்ட ஒருபோதும் இசையாதீர்கள்.

2. வெள்ளம் எதுவரை வந்தது என்று தெருவில் மூத்தவர்களிடம் விசாரியுங்கள். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2005 நவம்பர் மழையைக் கண்ணால் கண்டவர்களோ ஏராளம். எந்தச் சுவரில் எந்த மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியது என்று கையால் காட்டச் சொல்லி, அதைச் சாலை மட்டத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எந்தப் பக்கமாக வடிகிறது என்பதையும், அண்டை வீட்டுக் கழிப்பறைக் குழியும் அடிபம்பும் எங்கே இருக்கின்றன என்பதையும் வரைபடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வேலை: பாய் விரித்துப் பார்த்தல்

காகிதத்தில் வரைந்த படத்தைப் பார்த்து அறையின் அளவை உணர்வது பழகிய பொறியாளருக்கே கடினமாயிருக்க, வரைபடத்தையே கண்டிராத குடும்பத்தாரிடம் அதை நீட்டிச் சம்மதமா என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. ஆகவே, மனையிலேயே சுண்ணாம்புத் தூளால் வீட்டை முழு அளவில் கோடு போட்டு, சுவர்களின் கனத்தையும் விட்டு, கதவு திறக்கும் வட்டத்தையும் வரைந்துவிடுங்கள். பிறகு வீட்டிலிருக்கும் கோரைப்பாய் அத்தனையையும் எடுத்து வரச்சொல்லி, இரவில் யார் யார் எங்கே படுப்பார்களோ அங்கே விரிக்கச் சொல்லுங்கள். பாட்டிக்குக் கொல்லைப்பக்கம் போக யாரைத் தாண்டவேண்டியிருக்கிறது, கதவைத் திறந்தால் யார் தலையில் இடிக்கிறது, மூட்டையை எங்கே சார்த்துவது என்பவையெல்லாம் அரை மணி நேரத்தில் தாமே வெளிப்பட்டுவிடும். பெண்களைத் தனியே ஒருமுறை அந்தக் கோடுகளுக்குள் நடக்கவிட்டுக் கேளுங்கள். ஆண்கள் அருகிலிருக்கும்போது குளிக்கும் இடத்தைப் பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை.

அறைகளின் அமைப்பு

3 சென்ட் மனைக்கு, வடக்குப் பார்த்த வாசலுக்கு, நான் சிபாரிசு செய்யும் அமைப்பு இது. மனை வேறாயின் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

1. கான்கிரீட் பகுதி வெளியளவில் 15 அடி அகலம், 20 அடி நீளம்: 300 சதுர அடி. 9 அங்குலச் சுவர் போக உள்ளே பதின்மூன்றரை அடிக்குப் பதினெட்டரை அடி கிடைக்கும்.

2. முன்பாதியில் 10 அடி ஆழமுள்ள கூடம். பின்பாதியில், நாலரை அங்குலத் தடுப்புச் சுவருக்கு அப்பால், மேற்கே 8 அடிக்கு 8 அடி அறை, கிழக்கே 5 அடி அகலமுள்ள அடுப்படி.

3. அடுப்படி தென்கிழக்கு மூலையில் அமைகிறது. அக்கினி மூலை என்று பெரியவர்கள் சொல்வதை நம்புகிறவர்களுக்குத் திருப்தி. நம்பாதவர்களுக்கோ, ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது புகை வீட்டுக்குள் திரும்பாமல் வெளியேறிவிடும் என்ற காரணம் போதும். எரிவாயு இணைப்பு இருந்தாலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகடுப்பு இருந்தே தீரும். அதற்குக் கொல்லையில் ஒரு சாய்ப்பு ஒதுக்கிவிடுங்கள்.

4. கூடத்து வாசற்கதவும் அடுப்படிக் கொல்லைக் கதவும் ஒரே நேரில் இருக்கட்டும். காற்றும் ஆளும் ஒரே ஓரமாய்ப் போய்வந்தால் மீதி இடம் முழுவதும் படுக்கைக்கு மிஞ்சும்.

5. லிண்டல் மட்டத்தில், அடுப்படியிலும் அறையிலும் 2 அடி அகலப் பரண் போடுங்கள். இதை லிண்டலோடு சேர்த்தே வார்க்க வேண்டும். பிறகு சுவரைக் கொத்திச் செருகிய பரண் பாரம் தாங்காது.

இவ்வமைப்பில் ஒரு குறை உண்டு. நீளமான சுவர்கள் கிழக்கையும் மேற்கையும் பார்ப்பதால் சித்திரை வெயில் மேற்குச் சுவரைக் காய்ச்சும். அங்கே இரண்டடி சன்ஷேடும், பத்தடி தள்ளி ஒரு புங்கையோ வேம்போ அவசியம். முருங்கை நிழலுக்கு ஆகாது. ஆனாலும் எல்லோரும் அதைத்தான் வைப்பார்கள், வைக்கட்டும்.

அந்த 60 சதுர அடி

விதி விட்டுவைத்திருக்கும் இந்தச் சிறு துண்டுதான் முழுத் திட்டத்திலும் மிகச் சிறந்த வாய்ப்பு என்பது என் கருத்து. பல இடங்களில் இதை ஓரத்தில் ஒரு தகர அடைப்பாகப் போட்டுச் சாமான் அறையாக்கிவிடுகிறார்கள். சில இடங்களில் எட்டுக்கு ஏழரை என்று ஒரு சதுரமாக்கி, நிற்பதற்கும் உதவாமல் படுப்பதற்கும் உதவாமல் விட்டுவிடுகிறார்கள். வீட்டின் முழு அகலத்துக்கும், 15 அடிக்கு 4 அடியாக, முன்புறத் தாழ்வாரமாக அதை நீட்டுங்கள்.

வாசற்கதவை நடுவில் வைத்தால் தாழ்வாரம் ஆறடிக்கும் குறைந்த இரு துண்டுகளாகப் பிரிந்து, இரண்டிலும் ஒரு ஆள் காலை நீட்ட முடியாமற் போகும். கதவைக் கிழக்கு ஓரத்துக்குத் தள்ளினால் மேற்கே 11 அடிக்குக் குறையாத திண்ணை மிஞ்சும். அதில் இருவர் கால்மாட்டோடு கால்மாடு வைத்துக் கோடை இரவு முழுவதும் தாராளமாகப் படுக்கலாம். நடவுக்குப் போய்ச் சேறும் சகதியுமாய் வந்தவர் உட்காருவதும், பள்ளிப் பிள்ளை வெளிச்சத்தில் எழுதுவதும், துக்கம் விசாரிக்க வந்தவரை வரவேற்பதும் அங்கேதான். கூடத்தின் வேலையில் பாதியைத் திண்ணை வாங்கிக்கொள்கிறது.

கூரைக்கு மங்களூர் ஓடு உத்தமம். தகரம் மலிவு, ஆனால் மத்தியானம் அதன்கீழ் உட்காரவொண்ணாது. ஓட்டின் முகப்பு திண்ணைக்கு வெளியே ஒன்றரை அடி நீண்டிருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை சாய்வாக அடிக்கும்போது வடக்குப் பார்த்த திண்ணையை அதுவே காக்கும். 2018 நவம்பர் கஜா புயலில் டெல்டாவின் கூரைகள் பறந்ததை நினைவில் வைத்து, ஓட்டுச் சட்டங்களைச் சுவருக்குள் பதித்த இரும்புப் பட்டையோடு முறுக்கிக் கட்டுங்கள்.

எப்போது தொடங்குவது

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும். வீட்டு வேலையையும் இந்தக் கணக்கில் பொருத்துவதே விவேகம்: தை அறுவடை முடிந்ததும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, பங்குனிக்குள் லிண்டல் மட்டம் ஏறி, சித்திரையில் கூரை வார்த்து, ஆடிக்குள் பூச்சு வேலையை முடித்துவிட வேண்டும். குறுவை நடவு தொடங்கிவிட்டால் சித்தாள் கிடைப்பது அருமை. ஐப்பசியில் வானம் தோண்டினால் ஊற்று சுரந்து குழி குளமாகிவிடும். அணை மூடியிருக்கும் மாதங்களில் ஆறு வறண்டிருக்குமாதலால், தண்ணீர் தெளிக்க மோட்டாருக்கோ அடிபம்புக்கோ ஏற்பாடு செய்த பின்பே சிமெண்டை இறக்குங்கள்.

அடித்தளம்

1. வானத்தை 4 அடிக்குக் குறையாமல், கெட்டி மண் தட்டுப்படும் வரை தோண்டவும். ஆற்றோரத்தில் வண்டலும் மணலும் கலந்திருக்கும். வயற்பக்கம் களிமண் ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். களிமண்ணானால் அடியில் ஆற்று மணலோ எம்-சாண்டோ அரை அடி பரப்பி, நீர் விட்டு இறுக்கிய பிறகு கான்கிரீட் போடுங்கள்.

2. வீட்டுத் தளம், சாலையின் நடுமட்டத்துக்கு மேல் குறைந்தது இரண்டரை அடியும், நீங்கள் குறித்துவைத்த வெள்ள மட்டத்துக்கு மேல் ஓர் அடியும் இருக்கட்டும். இரண்டில் எது உயரமோ அதைக் கொள்க. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போடும் வழக்கத்தால், பத்தாண்டில் வீடு பள்ளத்தில் இறங்கியதுபோல் ஆகிவிடுகிறது என்பதை மறக்கலாகாது.

3. பேஸ்மட்டத்தின் மேல் நான்கு பக்கமும் பெல்ட் கான்கிரீட் ஓடவேண்டும். களிமண் பூமியில் இதைத் தவிர்த்தால் சுவர் மூலையிலிருந்து மூலைக்குப் பிளக்கும்.

4. உள்ளே நிரப்பும்போது வயல் மண்ணைக் கொட்டாதீர்கள். மணலோ கிராவலோ அரை அடி அரை அடியாகப் பரப்பி, நீர் தெளித்துத் திமிசு போட்டு ஏற்றுங்கள்.

குறிப்பு: செங்கல்லை லாரியிலிருந்து இறக்குமுன் பத்துக் கல் எடுத்துச் சோதியுங்கள். இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மூன்றடி உயரத்திலிருந்து போட்டால் உடையக்கூடாது. ஒருநாள் ஊறினால் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீர் குடிக்கக்கூடாது. இரண்டு கல்லுக்கிடையே பள்ளம் விட்டுக் கட்டும் எலிப்பொறி முறையைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பிரபலமாக்கினார். கல்லில் கால் பங்கு மிச்சமாகும், சுவரும் குளிர்ச்சி. ஆனால் அதைச் செய்து பழகிய கொத்தனார் இல்லையென்றால் ஆசைப்பட வேண்டாம்.

கூரை

டெல்டாவின் பழைய தொகுப்பு வீடுகளில் உத்தரத்துக் காரை பெயர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிவதைப் பார்க்காதவர் இல்லை. அவ்வாறு பழுதான வீடுகளுக்கென்றே தனித்திட்டம் ஒன்றைத் தமிழ்நாடு அரசு வகுக்க நேர்ந்தது. அந்தப் பழுதுக்குப் பிரதான காரணங்கள், கம்பிக்கு அடியில் போதிய கான்கிரீட் இல்லாமையும், கலவையில் தண்ணீர் மிகுந்தமையும் என்பதால், கூரை வார்க்கும் அன்று நீங்கள் வேறெங்கும் போகாதீர்கள்.

1. கம்பிக்கு அடியில் முக்கால் அங்குலக் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். ஜல்லித் துண்டை வைத்துச் சமாளிப்பதை அனுமதிக்காதீர்கள்.

2. 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர்க்கலாகாது. வாளியால் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். கலவை ஓடவில்லை என்று கொத்தனார் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

3. மறுநாள் கூரைமேல் வயலில் வரப்பு வைப்பதுபோல் பாத்தி கட்டி, 14 நாள் தண்ணீர் தேக்குங்கள். விவசாயக் குடும்பத்துக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவர் பெயரில் ஒப்படைத்துவிட்டால் போதும்.

4. அந்த 14 நாளும் முட்டுகளைத் தொடக்கூடாது. சென்ட்ரிங் பலகை வாடகைக்காரர் அவசரப்படுத்துவார். அவருக்கு ஒருவார வாடகை சேர்த்துக் கொடுப்பதே மலிவு.

5. தண்ணீர் வடிய வாட்டம் வைத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கியின்மேல் தட்டோடு பதியுங்கள். பணம் போதாவிட்டால், ஆண்டுதோறும் மாசியில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாலும் வெக்கை கணிசமாகத் தணியும்.

கழிப்பறையும் குளிக்குமிடமும்

வீட்டுக்குத் திட்டம் உண்டு, கழிப்பறைக்கும் உண்டு. குளிக்கும் மறைப்பைப் பற்றி எவரும் யோசிப்பதில்லை. கழிப்பறைச் சுவரை ஒட்டி 4 அடிக்கு 4 அடி மறைப்பு எழுப்பி, தண்ணீரை வாழைக்கு விடுங்கள். கழிப்பறைக் குழிக்குள் விடாதீர்கள். இரட்டைக்குழி முறையே இங்கு ஏற்றது: ஒன்று நிரம்பியதும் மற்றொன்றுக்குத் திருப்பி, மூடிய குழியை இரண்டாண்டு ஆறவிட்டால் உள்ளிருப்பது எருவாகிவிடும். சம்பா பருவத்தில் நிலத்தடி நீர் மேலேறுவதால் குழியை ஆழமாக்காமல் அகலமாக்கி, தரைக்குமேல் ஓரடி எழுப்புங்கள். அடிபம்பிலிருந்து குறைந்தது 35 அடி தள்ளியிருக்கட்டும். பம்பு முன்வாசலிலும் குழி கொல்லைக்கோடியிலும் இருந்தால் 50 அடி நீள மனையில் இது சாத்தியமே.

உயிருக்கு ஜாக்கிரதை

1. பழைய மண்சுவரை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக இறக்கவும். அடியில் பறித்துத் தள்ளுவது ஆளைக் கொல்லும். மழையில் ஊறிய சுவரின் அருகே சமைப்பதும் உறங்குவதும் கூடாது.

2. தோண்டிய வானத்தின் ஓரத்தில் மண்ணைக் குவிக்காமல் 3 அடி தள்ளிப் போடவும். இரவில் பிள்ளைகள் விழாதபடி கயிறு கட்டவும்.

3. பயன்பாட்டிலிருந்த கழிவுக் குழிக்குள் எவரையும், எக்காரணத்துக்காகவும், இறக்கக்கூடாது. அது சட்டப்படியும் குற்றம்.

4. மின் இணைப்பில் எர்த் கம்பியும், கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவியும் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈரச்சுவரில் தொங்கும் ஒயர் மழைக்காலத்து யமன்.

வரிசையாகப் பல வீடுகள் கட்டும்போது

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினக் கடற்கரையில் வீடுகள் எழுந்தபோது, மனையைச் சமன்படுத்துவதற்காக நின்ற மரங்களை வெட்டிவிட்டு, பட்டாள முகாமைப்போல் நேர்வரிசையில் கட்டிய இடங்களில், நிழலில் வலை பின்னிப் பழகிய மக்கள் வெயிலில் தவிக்க நேர்ந்தது. வயலோர ஊரில் வலைக்குப் பதில் வைக்கோல் போரும் மாட்டுக் கொட்டிலும் களமும் உண்டு. ஆகவே, முதலில் மரங்களைக் குறித்து, பிறகு பொதுக்களத்துக்கு இடம் ஒதுக்கி, அதன்பின் வீடுகளை அமையுங்கள். ஐந்தாறு வீடுகளின் திண்ணைகள் ஒரு சிறு முற்றத்தைப் பார்த்திருந்தால், வேலைக்குப் போன தாயின் குழந்தையை அண்டை வீட்டுப் பாட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ள முடியும்.

வீடு வளரவும் இடம் விடவேண்டும். இந்தோரில் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி வகுத்த ஆரண்யா குடியிருப்பில் பலருக்கு அடித்தளமும் கழிப்பறையும் ஓர் அறையும் மட்டும் தந்து, மிச்சத்தைக் குடும்பங்களே எழுப்பிக்கொள்ள விட்டார்கள். சிலி நாட்டில் அலெஹாண்ட்ரோ அரவேனா பாதி வீட்டைக் கட்டி மறுபாதிக்கு வெற்றிடம் விட்டார். நீங்கள் செய்யவேண்டியது அவ்வளவு பெரிதன்று. மகனுக்குக் கல்யாணமானால் அறை எங்கே சேரும், மாடிப்படி எந்தச் சுவரை ஒட்டி ஏறும் என்பதை இன்றே தீர்மானித்து, அப்பக்கத்தில் கழிப்பறைக் குழியை வைக்காமலிருங்கள். மாடி எழுப்பும் உத்தேசம் இருந்தால் அஸ்திவாரத்தை அதற்கேற்பப் பொறியாளரிடம் கணக்கிட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மாடி வேண்டாமென்று குடும்பத்தாரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஒப்புக்கொள்ளுமுன்

கதவு, ஜன்னல் அத்தனையையும் திறந்து மூடிப் பாருங்கள். கழிப்பறையில் இரண்டு வாளி நீர் ஊற்றி எந்தக் குழிக்குப் போகிறது என்று கவனியுங்கள். கூரையின் வாட்டத்தை ஒரு குடம் தண்ணீரால் சோதியுங்கள். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் குடும்பத் தலைவியின் பெயரில் மாற விண்ணப்பம் கொடுங்கள். ஐப்பசியின் முதல் கனமழையன்று கையில் கரிக்கட்டியோடு வீட்டுக்குள் சென்று, ஈரம் கசியும் இடங்களையெல்லாம் அப்போதே வட்டமிட்டு, பக்கத்தில் தேதியையும் எழுதிவையுங்கள். வெயில் ஏறிச் சுவர் காய்ந்துவிட்டால் எந்த ஓவர்சியருக்கும் அந்த இடத்தைக் காட்ட முடியாது.